விறகிலும் வீட்டில் சுட்ட கரியிலும் இரும்பு காய்ச்சலாமா? பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆனேக்கல் பக்கம் நண்பர் நிலத்தில் தகரக் கூரை போட்டு ஒரு சின்னக் கொல்லுப்பட்டறை வைத்திருக்கிறேன். வார நாட்களில் வேறு வேலை. ஞாயிறு வந்தால் கத்தி, கொக்கி, களைக்கொத்து. தாத்தா கோலார் தங்கவயலில், பாறை குடையும் கம்பிகளுக்கு முனை அடிக்கும் பட்டறையில் இருந்தவர். அவர் கைத்தொழில் எனக்கு வரவில்லை, ஆசை மட்டும் வந்துவிட்டது. பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது இரும்பைப் பற்றி அல்ல, கரியைப் பற்றித்தான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.

வெறும் விறகில் இரும்பு காயுமா?

காயும். அடிக்கிற பதத்துக்கே காயும். ஆனால் காய்ச்சுவது விறகின் தீ அல்ல, அதன் அடியில் சேரும் கங்கு.

தீ நாக்கைப் பார்த்தால் பெரிய சூடு மாதிரி தெரியும். உண்மையில் அந்தச் சூட்டில் பெரும்பகுதி மேலே போய்விடுகிறது. விறகுக்குள் இருக்கும் ஈரத்தை ஆவியாக்கவே ஒரு பங்கு செலவாகிறது. காய்ந்தது என்று நாம் நினைக்கும் விறகிலும் நூற்றுக்குப் பதினைந்து பங்கு தண்ணீர் இருக்கும். அந்த நிலையில் ஒரு கிலோ விறகு கொடுக்கும் சூடு, ஒரு கிலோ கரி கொடுப்பதில் ஏறக்குறைய பாதிதான்.

அதனால் விறகில் வேலை செய்கிறவர்கள் செய்வது இதுதான்: விறகைத் தீப்பெட்டி அளவுக்குத் துண்டு போட்டு, உலையின் மேலும் ஓரத்திலும் குவித்துக்கொண்டே இருப்பார்கள். மேலே இருப்பது எரிந்து கரியாகி உள்ளே இறங்கும், இறங்கியது காற்று பட்டுக் கனன்று இரும்பைக் காய்ச்சும். உலை தனக்கு வேண்டிய கரியைத் தானே சுட்டுக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கஷ்டங்களும் உண்டு. முதல் இருபது நிமிடம் புகையைத் தவிர வேறொன்றும் நடக்காது. தீ முகத்தில் அடிக்கும், குறடு பிடித்த கை முட்டி வரை பொசுங்கும். தீக்குள் இரும்பு எந்த நிறத்தில் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. திறந்தவெளியில் கொக்கி வளைக்க, ஆணி அடிக்க விறகு போதும். கத்தி செய்ய நான் கரிக்குத்தான் போவேன்.

அப்படியென்றால் கரி என்பது என்ன? பாதி எரிந்த விறகா?

பாதி எரிந்ததல்ல, காற்றில்லாமல் வெந்தது. விறகைக் காற்றுப் படாமல் சூடாக்கினால் முதலில் ஈரம் போகும். 200 டிகிரி செல்சியஸ் தாண்டினால் மரம் சிதையத் தொடங்கும். 300 வாக்கில் எரியக்கூடிய வாயுக்களும் தாரும் கொட்டோ கொட்டென்று வெளியேறும். 450, 500 டிகிரிக்கு வரும்போது பெரும்பாலும் கார்பன்தான் மிச்சம். புகையாகப் போகவேண்டியதெல்லாம் முன்பே போய்விட்டதால்தான் கரி புகையாமல் எரிகிறது.

நிலக்கரி இருக்கும்போது மரக்கரி எதற்கு?

நிலக்கரியில் கந்தகம் உண்டு. அது இரும்பில் ஏறினால் சூட்டில் அடிக்கும்போது விரிசல் விடும். உலையின் அடியில் கண்ணாடி மாதிரி உருகிப் பிடிக்கும் கிட்டத்தை அடிக்கடி கொக்கி போட்டு எடுக்கவும் வேண்டும். மரக்கரியில் இந்த இரண்டு தொல்லையும் கிடையாது என்றே சொல்லலாம், பொடிச் சாம்பல்தான் மிஞ்சும்.

மரக்கரி ஏதோ ஏழைப்பட்ட எரிபொருள் என்று நினைக்கிறவர்களுக்கு பத்ராவதியைத்தான் உதாரணம் காட்டுவேன். மைசூர் சமஸ்தானம் அங்கே தொடங்கிய இரும்பாலை 1923இல் உற்பத்திக்கு வந்தபோது அதன் ஊதுலை ஓடியது காட்டு விறகிலிருந்து சுட்ட கரியில். பின்னால் விஸ்வேஸ்வரய்யா பெயர் தாங்கிய ஆலை அதுதான். ஓர் ஆலைக்கே சூடு போதுமானதாக இருந்தால் ஒரு கத்திக்குப் போதாதா?

பெங்களூரில் கரி எங்கே வாங்குவது?

உங்கள் தெரு இஸ்திரிக்காரரைக் கேளுங்கள். கேஸ் பெட்டிக்கு மாறிவிட்டவர்கள் நிறையப் பேர், இருந்தாலும் கரிப்பெட்டி வைத்திருப்பவர் ஒருவராவது அகப்படுவார். அவருக்கு மூட்டை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கடை தெரிந்துவிடும். விறகுக் கடையிலும் கிடைக்கும். கன்னடத்தில் விறகு 'சௌதே', கரி 'இத்திலு'. இந்த இரண்டு வார்த்தை தெரிந்தால் போதும். நான் வாங்கும் மூட்டையில் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வரும் சீமைக் கருவேலக் கரிதான் இருக்கும். நல்ல கனமான கரி.

கரி பார்த்து வாங்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே ஓர் இஸ்திரிக்காரர்தான், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். "கண்ணாடி வளையல் மாதிரி சத்தம் வரணும் தம்பி. மொத்துன்னு கேட்டா உள்ளே இன்னும் மரம் இருக்கு." அவ்வளவுதான் பாடம். உடைத்த இடம் பளபளவென்று கறுப்பாக இருக்கவேண்டும். பழுப்பு தெரிந்தால் வேகவில்லை. மூட்டையைக் கையில் தூக்கியும் பாருங்கள். கரி ஈரத்தை இழுக்கும், மழை மாதங்களில் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம்.

சூப்பர் மார்க்கெட்டில் பார்பிக்யூவுக்கு விற்கும் அச்சுக்கரிக் கட்டிகள் வேண்டாம். கரித்தூளை மாவுப் பசை போட்டு அழுத்தியவை. காற்று ஊதினால் நொறுங்கும், சாம்பலும் அதிகம்.

எந்த மரம் நல்லது?

கரிக்கு: கருவேலம், சீமைக் கருவேலம், புளி, சவுக்கு. இவை கனமான மரங்கள், கரியும் கனமாக இருக்கும், உலையில் நின்று எரியும்.

பெங்களூரில் சும்மா கிடைப்பது வேறு ரகம். ஏப்ரல், மே மாத இடிமழைக்கு ஒடிந்து விழும் குல்மொஹர், தூங்குமூஞ்சி, சில்வர் ஓக் கிளைகளை வெட்டி நடைபாதையில் குவித்திருப்பார்கள். குல்மொஹர் கரி பஞ்சு மாதிரி. பற்றுவது சுலபம், தீர்வதும் சீக்கிரம். வெட்டுகிற ஆட்களைக் கேட்டுவிட்டு எடுங்கள். நிற்கிற மரத்தில் கை வைக்காதீர்கள். கர்நாடகத்தில் 1976லிருந்தே மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

தேங்காய்ச் சிரட்டை? என் கணக்கில் அதற்குத்தான் முதலிடம். சிரட்டைக் கரி அடர்த்தி அதிகம், சூடும் நன்றாக வரும். வீட்டிலும் பக்கத்து மெஸ்ஸிலும் சேர்த்து வைத்தால் மாதம் ஒரு சாக்கு தேறும். பொறி கொஞ்சம் பறக்கும், பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். நைலான் சட்டை பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

எதை எரிக்கவே கூடாது?

பிளைவுட், எம்.டி.எஃப். பலகை, பெயின்ட் அடித்தது, வார்னிஷ் பூசியது, கரையான் மருந்து ஏற்றியது. இவற்றின் பசையும் மருந்தும் புகையில்தான் வரும். அரளி விறகும் வேண்டாம், அதன் புகையே கெடுதல்.

பீன்யா பக்கம் கம்பெனிகள் தூக்கிப்போடும் பேலட் பலகையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஏற்றுமதி, இறக்குமதி பேலட்டில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு சூட்டு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. (HT) என்ற எழுத்து இருந்தால் சூடு காட்டியது, எரிக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு வாயு போட்டது, விட்டுவிடுங்கள். முத்திரையே இல்லாமல் எண்ணெய்க் கறை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், ஆணி பிடுங்கும் வேலையாவது மிச்சம்.

வீட்டுக் கரி சுடுவது எப்படி?

ஊரில் மூட்டம் போடுவார்கள்: விறகை அடுக்கி, தழை மூடி, மேலே மண் பூசி, நாள்கணக்கில் காவல் இருப்பார்கள். எங்காவது மண் விரிந்து காற்று புகுந்தால் மொத்தமும் சாம்பல். அது கைப்பழக்கம் உள்ளவர்கள் வேலை, நமக்கு வேண்டாம். இரண்டு வழி சொல்கிறேன்.

முதல் வழி, 15 கிலோ எண்ணெய் டின். ஹோட்டல்களில் கிடைக்கும். அடியில் ஆணியால் நாலைந்து ஓட்டை போடுங்கள். பெருவிரல் தடிமனுக்குக் காய்ந்த குச்சிகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கி, மூடியைக் கம்பியால் கட்டுங்கள். மூன்று கல் மேல் வைத்து, அடியிலும் சுற்றிலும் சுள்ளித் தீ.

இனிமேல் புகைதான் பேசும். முதலில் வெள்ளை, அது ஈரம். அப்புறம் மஞ்சளாகத் தடித்து, கண்ணைக் கரிக்கும். கொஞ்ச நேரத்தில் ஓட்டைகளிலிருந்து வரும் வாயு பற்றிக்கொண்டு கேஸ் அடுப்பு பர்னர் மாதிரி உஸ்ஸென்று எரியும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் சமையலறையில் குக்கர் வைத்த குழந்தை மாதிரி குதித்தேன். அந்த நிலையில் டின் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறது, வெளியே புதிதாக விறகு போடவேண்டியதில்லை. தீ நாக்கு சுருங்கி அணைந்தால் கரி தயார். ஓட்டைகளைக் களிமண்ணால் அடைத்து அப்படியே விடுங்கள். டின் தகரம் மெல்லிசு, மூன்று நான்கு தடவைக்கு மேல் தாங்காது.

இரண்டாவது, 200 லிட்டர் டிரம். அடியில் ஓட்டை போட்டு, செங்கல் மேல் தூக்கி வைத்து, விறகை நிரப்பி மேலேயிருந்து பற்ற வையுங்கள். தீ மெல்ல மெல்லக் கீழே இறங்கும். மேல்தீ புகையை எரித்துவிடுவதால் மூட்டத்தைவிடப் புகை குறைவு. புகை மெலிந்து நீலம் தட்டியதும் செங்கல்லை உருவி டிரம்மைத் தரையில் இறக்கி, சுற்றி மண் அணைத்து, மூடி போட்டு, மூடி விளிம்பிலும் ஈரமண் வையுங்கள். காற்று புகும் ஒரு சந்து இருந்தாலும் காலையில் சாம்பலைத்தான் அள்ளுவீர்கள்.

டிரம் வாங்கும்போது உள்ளே என்ன இருந்தது என்று கேளுங்கள். தின்னர், பெயின்ட், பெட்ரோல் வகை இருந்த டிரம்மை மூடியோடு கிரைண்டர் வைத்து அறுத்தால் உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். நான் எண்ணெய் வந்த, மேல் மூடி முழுதாகக் கழன்று வரும் டிரம்தான் வாங்குவேன்.

பத்து கிலோ விறகுக்கு எவ்வளவு கரி?

நன்றாகச் செய்தால் இரண்டு, இரண்டரை கிலோ. என் உலை ஒரு மணி நேரத்துக்கு மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தின்னும். ஆக, ஒரு மணி நேர வேலைக்குப் பன்னிரண்டு கிலோ விறகு வெட்டி, காயவைத்து, சுட்டு, உடைத்து, சலிக்க வேண்டும். இந்தக் கணக்கைச் சொன்னதும் பாதிப் பேர் முகம் மாறிவிடும். இரண்டு மூன்று தடவை சுட்டுப் பழகுங்கள், அதில் வரும் அறிவு எந்த மூட்டையிலும் வராது. அப்புறம் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள். நானும் இப்போது சிரட்டையை மட்டும்தான் சுடுகிறேன்.

மொட்டை மாடியில் கரி சுடலாமா?

கூடாது. மஞ்சள் புகை கட்டம் ஒன்று போதும், நாலு வீட்டுத் துணியும் நாறிவிடும். நகரத்தில் குப்பை, தழை கொளுத்துவதற்கே தடை இருக்கிறது; தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் ஐயாயிரம் ரூபாய் அபராதம் வைத்தது. நீங்கள் கொளுத்துவது குப்பை இல்லை, கரி என்று புகார் கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஊருக்கு வெளியே, காய்ந்த புல் இல்லாத இடமாகப் பாருங்கள்.

உலை மட்டும் என்றால் வேறு விஷயம். நல்ல கரி பற்றியபின் புகை ஏறக்குறைய இல்லை. பிறகு வரும் புகார் சம்மட்டிச் சத்தத்துக்குத்தான்.

சுட்டதும் மூட்டை கட்டிவிடலாமா?

இதற்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். ஒரு சாயங்காலம் டிரம்மைத் திறந்து, கையால் தொட்டுப் பார்த்து, ஆறிவிட்டது என்று சாக்கில் கட்டி, நண்பர் வீட்டுத் திண்ணையில் சாத்தினேன். விடிகாலை ஐந்து மணிக்கு அவர் அம்மா போட்ட சத்தத்தில்தான் எழுந்தோம். சாக்கு நடுவில் தட்டு அளவுக்கு ஓட்டை, அதற்குள் செக்கச்செவேலென்று கங்கு. திண்ணையில் இன்றும் அந்தக் கரும் வட்டம் இருக்கிறது. "உன் கரிக்கு இங்கே இடமில்ல ராசா" என்று அம்மா சொன்னது சரிதான்.

புதுக்கரி காற்றிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சும்போது தானாகவே சூடாகும். நிறையக் கரி ஒன்றாகக் குவிந்திருந்தால் அந்தச் சூடு வெளியேறாமல் பற்றிக்கொள்ளும். ஒரு கங்கு உள்ளே மறைந்திருந்தாலும் கதை அதேதான். டிரம்மை மறுநாள் வரை திறக்காதீர்கள். திறந்தபின் இன்னொரு முழுநாள் வெட்டவெளியில் தரையில் பரப்பி வையுங்கள். அதுவரை காரிலும் ஏற்றவேண்டாம்.

காற்று எவ்வளவு வேண்டும்? ஹேர் டிரையர் போதுமா?

போதும் என்பதைவிட அதிகம். கரி உலையில் புதியவர்கள் செய்யும் தப்பு பெரும்பாலும் இங்கேதான், கரியில் அல்ல. நிலக்கரிக்கு ஊதுகிற மாதிரி கரிக்கு ஊதினால் பொறி வாணவேடிக்கையாகக் கிளம்பும், கரி கண் முன்னால் கரையும், இரும்பின் மேல் செதில் செதிலாகத் துரு உரியும். பழைய தோல் துருத்தி விட்டுவிட்டு மூச்சு விட்டது, கரிக்கு அந்த மூச்சே போதுமானதாக இருந்தது.

எஸ்.பி. ரோடு, எஸ்.ஜே.பி. ரோடு கடைகளில் சின்ன புளோவர் கிடைக்கும். எது வாங்கினாலும் காற்றைக் குறைக்கும் ஒரு வழி வையுங்கள். குழாயில் ஒரு ஓட்டை போட்டு அதைத் தகரத்தால் திறந்து மூடினாலே போதும். பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருப்பதால் காற்று சென்னையைவிடப் பத்து சதவீதம் போல மெலிசு. சென்னைக்காரர் சொன்ன அளவைவிட ஒரு பொடி கூடத் திறக்கவேண்டி வரலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

காற்றோடு சேர்ந்தது ஆழம். காற்று வரும் வாய்க்கு மேல் ஒரு சாண் கனத்துக்குக் கங்கு நிற்கவேண்டும். வாய்க்கு அருகில் எரியாத ஆக்சிஜன் இருக்கும், அங்கே இரும்பை வைத்தால் தின்றுவிடும். கங்கைத் தாண்டி வரும்போது ஆக்சிஜன் செலவழிந்துவிடும், அந்த உயரத்தில் இரும்பைப் படுக்க வையுங்கள். மேலேயும் கொஞ்சம் கரி மூடியிருக்கட்டும். துண்டு அளவு நெல்லிக்காய் முதல் எலுமிச்சை வரை. பெரிய துண்டு போட்டால் சந்து வழியே காற்று ஓடிவிடும், தூள் போட்டால் மூச்சு முட்டும். உடைக்கும்போது மூக்கில் துணி கட்டுங்கள்.

உலைக்கு என்ன செலவு?

ஒரு பழைய இரும்புத் தொட்டி, களிமண்ணும் மணலும் கலந்து அதற்குள் ஒரு பள்ளம், பக்கவாட்டில் ஓர் இரும்புக் குழாய். கரிக்குப் பக்கத்திலிருந்து வரும் காற்று நன்றாக ஒத்துவரும். அடியிலிருந்து ஊதினால் சாம்பல் குழாயின் வாயில் விழும். குழாய் ஜி.ஐ. பைப்பாக இருக்கக்கூடாது. அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும்.

கரி உலையில் இரும்பில் கார்பன் ஏறி எஃகாகுமா?

சாதாரணமாகக் காய்ச்சி அடிப்பதில் ஏறாது. காற்று அதிகமானால் இருக்கிற கார்பனும் மேல்தோலிலிருந்து போகும். கார்பன் ஏற்ற, காற்றுப் புகாத பெட்டியில் இரும்பையும் கரித்தூளையும் அடைத்து 900 டிகிரி வாக்கில் மணிக்கணக்கில் வைக்கவேண்டும், அப்போதும் தோல் அளவுக்குத்தான்.

நம் பழைய எஃகுக்காரர்கள் இதைவிட ஒரு படி மேலே போனார்கள். களிமண் மூசைக்குள், அதாவது உலோகம் உருக்கும் குடுவைக்குள், இரும்புத் துண்டோடு ஆவாரங்குச்சியும் பச்சை இலையும் வைத்து, வாயை மண்ணால் அடைத்து, கரி உலையில் உருக்கினார்கள். குச்சி உள்ளேயே கரியாகி இரும்பில் கலந்தது. உலகம் பேசும் ஊட்ஸ் எஃகு அப்படி வந்தது. என்னிடம் செய்து காட்டச் சொல்லாதீர்கள்.

இவ்வளவு மெல்லிசான கரி இரும்பை உருக்கிவிடுமா?

கருக்கிவிடும், அதுவே நஷ்டம்தான். ஜே.சி. ரோடு பக்கம் வாங்கிய பழைய லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்றை உலையில் வைத்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் கம்பி மத்தாப்பு மாதிரி பூப்பூவாகப் பொறி. எடுத்துத் தட்டியதும் முனை பிஸ்கட்டாக உதிர்ந்தது. மத்தாப்புப் பொறி வந்தால் அந்த முனை செத்தது, வெட்டிப் போடவேண்டியதுதான்.

அடிக்கும் பதம் ஆரஞ்சிலிருந்து பூவரசம்பூ மஞ்சள் வரை. தோய்ச்சல் போடும்போது, அதாவது காய்ந்த எஃகைச் சட்டென்று ஆறவைத்துக் கடினமாக்கும்போது, நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். வெயிலில் கண் ஏமாற்றும். ஒரு காந்தத்தைத் தொங்கவிட்டு வையுங்கள். 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அதற்கு மேல் ஒரு சாயல் சூடேற்றி எண்ணெயில் இறக்குங்கள்.

புகையே இல்லையே, ஷெட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்யலாமா?

புகை இல்லாததால்தான் கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, தூக்கம், அப்புறம் எழுந்திருக்கவே முடியாது. கூரை மட்டும் போதும், சுவர் இரண்டு பக்கமாவது இல்லாமல் இருக்கட்டும். வேலை முடிந்து அணையாத கங்கை வீட்டுக்குள் கொண்டுபோய்க் குளிர் காயவும் வேண்டாம். டிசம்பர் பெங்களூரில் அந்த ஆசை வரும்.

மிச்சக் கரித்தூளையும் சாம்பலையும் என்ன செய்வது?

தூளைச் சலித்து வைத்தால் மேலே சொன்ன பெட்டி வேலைக்கு ஆகும், செடித்தொட்டி மண்ணிலும் கலக்கலாம். சாம்பல் காரமானது, ஈரக்கையால் அள்ளினால் தோல் உரியும். தென்னைக்கு ஒரு கை போடலாம். ஆணி, கம்பித் துண்டுகளைக் காந்தம் வைத்துப் பொறுக்கிவிட்டுப் போடுங்கள், நண்பர் நிலத்தில் எல்லோரும் வெறுங்காலோடு நடக்கிறார்கள்.